சோப்போடு போன தொரசானி

கொல்லிமலையில் நான் கம்பவுண்டராக இருந்தபோது ஒரு தொரசானியிடம் வேலை பார்த்தேன். அவர் காதில் விழும்படி யாரும் "செத்துப்போனேன்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் உட்காரவைத்து நாடி பார்ப்பார்.

முதல் நாளே எனக்கு இது தெரிந்துபோயிற்று. அப்போது மலைக்கு ரோடு ஏது? காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக வேண்டுமானால் நடக்க வேண்டும், இல்லை டோலியில் போக வேண்டும். சேந்தமங்கலத்துக்காரனான நான் நாலு ஆட்களை அமர்த்தி, டோலிக்கு மெத்தையெல்லாம் போட்டு வைத்திருந்தேன். தொரசானி டோலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "எனக்குக் கால் இருக்கிறதே" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார். அவர் நடந்தால் நானும் நடக்கத்தானே வேண்டும்? டோலி காலியாகப் பின்னால் வந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

பாதி மலையில் மருந்துப் பெட்டி சுமந்து வந்தவர் பெட்டியை இறக்கிவைத்து, "உசுரே போயிருச்சுங்க சாமி" என்றார். என்ன சொல்கிறார் என்று தொரசானி கேட்டார். நானும் சொன்னேன். அவர் உடனே பையைத் திறந்து கடிகாரத்தை எடுத்து, அந்த மனிதரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் எண்ணினார்.

"போகவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். நன்றாகவே இருக்கிறது."

நான் சொன்னேன். சுமைக்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரொம்ப சந்தோசமுங்க" என்று மறுபடியும் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

தொரசானிக்கு ஊர் சீமை இல்லை. சீமைக்கும் அந்தப் பக்கம், நியூசிலாந்து என்று ஒரு தீவு. நர்ஸ் படிப்புப் படித்தவர். அந்த ஊர் தர்மசங்கம் ஒன்று கொல்லிமலையில் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து, ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்து, அதில் இவரை உட்காரவைத்தது. ஒரு வருஷம் பார்ப்பார்கள். மலைக்காரர்கள் வைத்தியத்துக்கு வந்தால் இவர் இருக்கலாம். வராவிட்டால் ஆஸ்பத்திரியை மூடிவிட்டு அடுத்த கப்பலில் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இதுதான் ஏற்பாடு. அவர் போனால் எனக்கும் வேலை போகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழைக் கப்பலிலேயே ஓர் இலக்கணப் புத்தகத்தை வைத்துப் படித்திருந்தார். முதல் நோயாளி இருமலோடு வந்த ஒரு பெரியவர். தொரசானி எழுந்து நின்று, "ஐயா, உமக்கு யாது பிணி?" என்றார். பெரியவர் என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, மருந்து குடுக்கறதுக்கு முன்னால பூசை வெக்கறாங்களா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

இது சரிப்படாது என்று நான் தமிழ் வாத்தியார் வேலையையும் எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'ங்க' ஒட்டிவிட்டால் மரியாதை என்று சொல்லிக்கொடுத்தேன். மறுநாளிலிருந்து அவர் ஒட்டாத இடமே இல்லை. "வாங்க. உக்காருங்க. இது ஊசிங்க. வலிக்குங்க." ஆஸ்பத்திரி வாசலில் படுத்துக்கிடக்கும் நாயைக்கூட "போங்க" என்றுதான் விரட்டுவார். நாய் மரியாதையை ஏற்றுக்கொண்டு அங்கேயே படுத்திருக்கும்.

அந்த "வலிக்குங்க" மட்டும் எனக்கு உடன்பாடில்லை. எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று சொல்லிக் குத்துவதுதான் உலக வழக்கம். சொல்லிப் பார்த்தேன். "வலிக்குமா, வலிக்காதா?" என்று கேட்டார். வலிக்கும் என்றேன். "பிறகு?" என்றார். ஆடுகள்தான் அந்தத் தீவில் அதிகமாமே, தொரசானி ஆடு மேய்த்திருப்பாரோ என்று ஒருநாள் நோயாளிகள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கிண்டல்தான். இவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "ஆமாங்க. பன்னெண்டு வருசம் மேய்ச்சேனுங்க" என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு ஒருவர் போகும்போது, தன் வீட்டு ஆட்டுக்குக் குளம்பில் புண், ஒரு எட்டு வந்து பார்க்க முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார். இவரும் போனார்.

இப்படி ஆளுக்கு ஆள் சொல்லி, கூட்டம் வரத் தொடங்கியது. மலைக்காய்ச்சல்காரர்கள்தான் பாதி. அவர்கள் பேசியதை இங்கிலீஷில் பெயர்த்துச் சொல்வது என் வேலை. தொரசானி அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். சொன்னதைச் சொன்னபடி பெயர்க்க வேண்டும்; கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. நான் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் கெட்டேன்.

ஆடி மாதம் ஒருநாள், மலையிலேயே பைல் நாடு என்ற பகுதியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல திடகாத்திரம். மடியில் ஒரு சீப்பு மலைவாழை. மற்றவர்கள் போகும்வரை ஓரமாக நின்றிருந்துவிட்டு, பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க, எம்மருமவ நாலு மாசமா முழுகாம இருக்கறா. இதுக்கு முன்னால ரெண்டு தங்கல. இப்பக் குளுருகாச்ச வேற. தொரசானி ஒரு எட்டு வந்து பாக்கோணும்."

என்ன சொல்கிறார் என்று தொரசானி என்னைப் பார்த்தார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. கர்ப்பம் என்பதற்கு இங்கிலீஷ் வார்த்தை எனக்குத் தெரியாமல் இல்லை. புத்தகத்தில் நூறு தடவை படித்திருக்கிறேன். ஆனால் அதை ஒரு பொம்பளைக்கு முன்னால் என் வாய் உச்சரித்ததே கிடையாது. என் பெண்டாட்டி உண்டான சேதியையே எனக்கு என் அத்தைதான் ஜாடையாகச் சொன்னார். ஆகவே சட்டப்படி நடந்துகொண்டேன். "இவருடைய மருமகள் நாலு மாதமாகக் குளிக்கவில்லை. இதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. இப்போது காய்ச்சலும் இருக்கிறது" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, மருந்து கலக்கப் போய்விட்டேன். படித்த பெண், புரிந்துகொள்வார் என்று நினைத்தேன்.

அவர் புரிந்துகொண்டது எப்படி என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு பெண் நாலு மாதமாகக் குளிக்கவில்லை. அந்த நாற்றம் தாங்காமல் அந்த வீட்டிலிருந்து இரண்டு பேர் ஓடிப்போய்விட்டார்கள். அழுக்கினால் காய்ச்சல் கண்டுவிட்டது.

மறுநாள் காலையில் பைக்குள் மருந்தோடு இரண்டு கட்டி சோப்பும், நார்ப் பிரஷும், பெரிய துண்டும் வைத்துக்கொண்டு கிளம்பினார். ஒன்றரை மணி நேர நடை. சோப்பு எதற்கு என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. வெள்ளைக்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் சோப்பு வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்குள் அந்த மருமகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்போரமாக உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு, பத்தொன்பது வயது. காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள். என்னை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். தொரசானி உள்ளே போய்ச் சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு அவருக்கு என்ன உற்சாகமோ, என் உதவி இல்லாமல், தானே தமிழில், எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார்.

"பயப்படாதீங்க. இன்னைக்கே நான் இவங்களை முழுக வெச்சிடறேனுங்க."

பெண்கள் சுவரோடு ஒதுங்கினார்கள். முழுகாமல் இருக்கிறவளை முழுக வைப்பது என்றால் வயிற்றில் இருப்பதைக் கலைப்பது. வேறு அர்த்தம் எந்தத் தமிழ்க் காதுக்கும் எட்டாது. அதுவும் இரண்டைப் பறிகொடுத்த வீட்டில். தொரசானி பைக்குள் கையை விட்டுக்கொண்டே, "கொஞ்ச நேரத்து வேலைங்க. இது மட்டும் வலிக்காதுங்க" என்றார். அவர் வாயிலிருந்து 'வலிக்காது' என்ற சொல் வந்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பெண் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பின்கதவு வழியாக ஓடினாள். மாமியார் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். கத்தவில்லை.

"ஏஞ்சாமி, இவுங்களும் ஒரு பொம்பளதானா?"

தொரசானி வாசலில் வைத்துவிட்டு வந்த சோப்பை அவர்கள் தொடவே இல்லை. அது வாசலிலேயே கிடந்தது. ஊர்க்கவுண்டர் அன்றைக்கே கூட்டம் போட்டு, யாரும் அந்த ஆஸ்பத்திரிப் படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் தொரசானி, "குளிப்பதற்கு ஏன் இவ்வளவு பயம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் தப்பு வெளியே வரும். "இங்கே தண்ணீர் ரொம்பக் குளிருங்க" என்றேன்.

அதற்கப்புறம் ஆறு வாரம், ஒருவரும் வரவில்லை. தொரசானி காலையில் எழுந்து குப்பிகளைத் துடைத்து வைப்பார். வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்காருவார். "ஏன் யாரும் வரவில்லை?" என்று கேட்பார். முதலில் மழை என்றேன். பிறகு சாமை அறுப்பு என்றேன். பிறகு கோயில் நோன்பு என்றேன். ஒவ்வொன்றையும் நம்பினார். நம்பியதை அப்படியே சங்கத்துக்குக் கடிதமும் எழுதினார். பொய் சொன்னால் சந்தேகப்படுகிறவர்களிடம் பொய் சொல்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. இவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆவணிக் கடைசியில் இரண்டு சேதிகள் ஒரே நாளில் வந்தன. தையிலும் இப்படியே இருந்தால் ஊர் திரும்ப வேண்டும் என்று சங்கத்திலிருந்து கடிதம். பைல் நாட்டு மருமகளுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, ஆள் பாதியாகிவிட்டாள் என்று வழிப்போக்கர் சொன்ன தகவல். தொரசானி கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "அந்தப் பெண்ணை நான் சோதித்துப் பார்க்கவே இல்லையே" என்றார். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்த இங்கிலீஷ் வார்த்தையையும் முதல் தடவையாக உரக்கச் சொன்னேன். கடைசியில் அழாத குறையாக, "என்னைச் செருப்பால அடிங்க" என்று தமிழில் முடித்தேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். கையில் ஒரு பூட்ஸோடு வந்தார். மலை ஏறுவதற்காக அடியில் ஆணி அடித்த பூட்ஸ்.

"எனக்கு இஷ்டம் இல்லீங்க. நீங்க கேக்கறீங்க" என்றார். "இது ரொம்பக் கனமுங்க. பரவாயில்லீங்களா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க" என்றேன் அவசரமாக.

"பேச்சுக்குன்னா என்னங்க?"

அன்று மத்தியானம் முழுவதும் அதைத்தான் விளக்கினேன். உசுரு போச்சு என்றால் போகவில்லை. வயிறு எரிகிறது என்றால் மருந்து கொடுக்கக் கூடாது. இரண்டு தங்கவில்லை என்றால் ஓடிப்போனவர்கள் அல்ல. ஓடிப்போனவர்கள் என்று அவர் நினைத்ததைக் கேட்டு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு திடீரென்று நிறுத்திக்கொண்டு, "வயித்தைப் பிடிச்சிட்டு ஓடினாங்களே" என்றார். பூட்ஸை அப்படியே காலில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த வீட்டு வாசலில், ஊர்க்கவுண்டர் முன்னால் நான் நின்று நடந்ததைச் சொன்னேன். ஆம்பளைகள் முதலில் முழித்தார்கள். அப்புறம் ஒருவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார், அவ்வளவுதான், கூட்டமே சிரித்தது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏங்கம்பவுண்டரு, உங்கூட்டுல புள்ளகுட்டி கெடையாதா? அந்த வார்த்தைய வாயில எடுத்தா உங்க பல்லு உழுந்திருமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேறென்ன செய்வது? மாமியார் தொரசானியின் பக்கம் திரும்பினார்.

"சரி, அது போவுது. இப்பச் சொல்லுங்க. எம்மருமவ வயித்துல இருக்கறது பொழைக்குமா?"

இதற்குப் பதில் சொல்லத் தெரியாத வைத்தியன் இந்தப் பூமியில் இல்லை. பிழைக்கும் என்று சொல்ல வேண்டும். ஒரு மூச்சில் சொல்ல வேண்டும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இங்கிலீஷில் "ஆமென்று சொல்லுங்கள்" என்று முணுமுணுத்தேன். எங்கள் இரண்டு பேர் பிழைப்பும் அந்த ஒரு சொல்லில் தொங்கியது.

"தெரியாதுங்க" என்றார் தொரசானி. "காச்சல் அதிகமுங்க. ரத்தம் கம்மிங்க. நான் தினமும் வாரேனுங்க. அது மட்டும் சொல்ல முடியுங்க."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மூட்டை கட்டவேண்டியதுதான். மாமியார் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"மொத ரெண்டுக்கும் பொழைக்கும் பொழைக்கும்னு ஆளுக்கு ஆள் சொன்னாங்க" என்றார். "தெரியாதுன்னு சொன்னது இவுங்கதான். உள்ள வாங்க சாமி."

ஆஸ்பத்திரிப் படி ஏற இருந்த தடையும் அன்றோடு போயிற்று. தினமும் வருகிறேன் என்று நீங்களோ நானோ சொன்னால் வாரத்துக்கு மூன்று நாள் போவோம். இவர் தினமும் போனார். புரட்டாசியில் போனார். ஐப்பசி அடைமழையில், ஓடையில் இடுப்பளவுத் தண்ணீரில், மருந்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். பின்னால் நான் குடையோடு போனேன். அந்தக் குடையில் நனையாமல் வந்தது யார் என்று கேட்காதீர்கள். கார்த்திகையில் அவருக்கே மலைக்காய்ச்சல் கண்டது. படுத்திருங்கள், நான் போய் மருந்து கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். "நான் வாரேன்னு சொன்னேனுங்க" என்று பல் கிடுகிடுக்கச் சொன்னார். டோலியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனோம். டோலியில் அவர் ஏறியது அந்த ஒரு தடவைதான். அங்கே போனால் வயிற்றுப் பிள்ளைக்காரி எழுந்து அடுப்பு மூட்டி, நர்ஸுக்கு மிளகுக் கஞ்சி வைத்துக்கொடுத்தாள். மாமியார் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இதில் ஆர் ஆருக்கு வைத்தியம் பார்க்கிறார்கள் என்று என்னைக் கேட்டார்.

நான் எப்போதும் வாசலோடு சரி. உள்ளே அந்தப் பெண்ணும் தொரசானியும் பேசிக்கொள்வது கேட்கும். என்ன பேசினார்களோ தெரியாது. சிரிப்புச் சத்தம் வரும். என் உதவி தேவைப்படவே இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மார்கழியில் ஒருநாள் விடிந்து வெகுநேரமாகியும் பனி விலகவில்லை. உள்ளே வலி கண்டிருந்தது. ஊரில் பாதிப் பேர் வாசலில் நின்றிருந்தார்கள். அந்தப் பெண் இரண்டு தடவை கத்தினாள், பிறகு ஒன்றுமில்லை. ஊர்க்கவுண்டர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வேண்டாத தெய்வம் இல்லை. அப்புறம் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சன்னமாக ஒரு சத்தம் கேட்டது. பிறகு சன்னம் போய்ப் பெரிதாகவே கேட்டது.

துணியில் சுற்றிய குழந்தையோடு தொரசானி வெளியே வந்தார். அவர் முகமெல்லாம் நனைந்திருந்தது. பெண் குழந்தை, தாய்க்கு ஒன்றும் இல்லை என்று மாமியார் பின்னாலேயே வந்து சொன்னார். சொல்லிவிட்டு, பிள்ளையின் பக்கம் திரும்பாமல், கூட்டத்துக்கும் கூட்டத்துக்கு மேலே இருக்கிறவர்களுக்கும் கேட்கிற குரலில் கேட்டார்.

"கொழந்த எப்படீங்க சாமி இருக்குது?"

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தையை யாரும் அழகு என்று சொல்லிவிட மாட்டோம். அதுவும் முன்னால் இரண்டு போன வீட்டில், சொன்னவரை மன்னிக்கவே மாட்டார்கள். நல்லதாக இருப்பதைத்தானே எமன் எடுத்துக்கொண்டு போவான்? இதை நான் தொரசானிக்குச் சொல்லித்தரவில்லை. பொய்யே சொல்லத் தெரியாத மனுஷி. கண்ணுக்குத் தெரிவதை அப்படியே சொல்லப்போகிறார் என்று அவரை நோக்கி ஓரடி வைத்தேன்.

அவர் குழந்தையை நன்றாகப் பார்த்தார்.

"அசிங்கமா இருக்குதுங்க" என்றார். "தலை கோணலுங்க. நெறம் நல்லா இல்லீங்க. மூக்கு சப்பைங்க. இதையெல்லாம் ஆரும் வந்து எடுத்துட்டுப் போக மாட்டாங்க."

"ஆமாங்க" என்றார் மாமியார். "கொரங்காட்டம் இருக்குது." அதற்கு மேல் பேச முடியாமல், தொரசானியின் தோளில் முகத்தை வைத்து அழுதார். உள்ளேயிருந்து அந்தப் பெண் சிரிப்பது கேட்டது.

நான் எட்டிப் பார்த்தேன். மூக்கு நல்ல எடுப்பாக இருந்தது.